மாவட்டப் பூவுக்குக் காவல்

உக்காருங்க அம்மிணி. அந்தக் கல்லு மேல உக்காருங்க, வெடியாலதான் தொடச்சு வச்சேன். சுடிதாரெல்லாம் புல்லு விதை ஒட்டீட்டிருக்குது பாருங்க. கொழுக்கட்டைப்புல்லுங்க அது. உள்ள போயிட்டு வந்தா அப்படித்தான், சித்த நேரம் இருந்து ஒண்ணொண்ணாப் புடுங்கோணும். மொதல்ல தண்ணி குடிங்க.

பேனாவை மூடுங்க. எழுதறது எங்கீங்க ஓடிப் போகுது, எழுதிக்கலாம். பூக்கணக்கு எடுக்க வந்து நாலு மூலைக்கும் நடந்தீங்க, நானும் இங்கிருந்தே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கயிறு புடிச்சீங்க, குச்சி நட்டீங்க, குனிஞ்சு குனிஞ்சு தேடினீங்க. ஒரு பூவு கூட இல்லைன்னு உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு, எனக்கு முன்னாலயே தெரியும். ஆனா அந்தக் காயிதத்துல பூச்சியமுன்னு விழுந்திருச்சுன்னா என்ற சோலி முடிஞ்சுதுங்க. பூவைக் காக்கறதுக்குப் போட்ட ஆளு, பூவு எங்கடான்னா என்ன சொல்லுவான். அதனால எழுதறதுக்கு முன்னால நான் சொல்றதைக் கேட்டுருங்க. கேட்டுட்டு அப்பறம் உங்க இஷ்டம்.

வழக்கமா வர்றவீங்க பதினொண்ணே முக்கால் பஸ்சுலதான் வருவாங்க. டவுன்ல இருந்து பகல்ல இங்க வர்றது அது ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டுல பெரிய போர்டு வச்சிருக்கறாங்கல்ல, நம்ம மாவட்டப் பூவுன்னு, அதுல படத்தைப் பாத்துட்டு கேமராவைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. எறங்கி நடந்து கேட்டுக்கு வர்றதுக்குள்ள பன்னண்டரை. "பூவு எங்கீங்க பெரியவரே"ன்னு கேப்பாங்க. "இப்பத்தானுங்க மூடுச்சு. வெடியால தொறக்கும், உச்சிக்கு மூடிக்கும். அடுத்த தடவை நேரத்துல வாங்க"ன்னு சொல்லீருவேன். பொய்யில்லீங்க. விஷ்ணுகிராந்தி உச்சிப்பொழுதுக்கு மூடித்தான் போகும், உங்களுக்கே தெரியும். போன வருசத்துல இருந்து அதைச் சொல்லித்தான் ஓட்டீட்டிருக்கறேன். நீங்க ஸ்கூட்டரைப் போட்டுக்கிட்டு எட்டு மணிக்கே வந்து நிப்பீங்கன்னு நான் கண்டேனா.

என்ற பேரு மாரப்பனுங்க. அந்த ரிஜிஸ்டர்லயே இருக்கும், பூங்காவல் மாரப்பன்னு. ஆனா அதுக்கு முன்னால நான் ஆட்டுக்காரன். இந்த மொட்டப்பாறைக் காடு அப்பெல்லாம் ஊர்ப் பொதுக் காடு. ஊர்ல ஆடு வச்சிருக்கறவீங்க அத்தனை பேருக்கும் மேச்சக்காடு இதுதான். வேலி இல்லை, கேட்டு இல்லை, எந்தப் பக்கம் வேணா நடந்து வரலாம்.

மாவட்டத்தைப் பிரிச்சாங்கல்லீங்க, அதுல வந்த வெனைதான். புது மாவட்டத்துக்குப் புதுக் கட்டடம் வந்துச்சு, புது ஜீப்பு வந்துச்சு. அப்ப இருந்த கலெக்டரம்மாவுக்கு, மாநிலத்துக்கு செங்காந்தள் இருக்குதே, நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு பூவு வேண்டாமான்னு தோணீருச்சு. அதுக்கு ஒரு கமிட்டி. தோட்டத்துல நட்டு வளத்தற பூவு கூடாது, தானா மொளைக்கற காட்டுப்பூவா இருக்கோணும், நம்ம மண்ணுல நெறைய இருக்கோணும்னு சட்டம் போட்டாங்க. சட்டம் நல்ல சட்டம்தானுங்க. அதுல நான் ஒண்ணும் குத்தம் சொல்லலை.

ஒரு நாள் நானும் என்ற ஊட்டுக்காரி பாவாத்தாளும் ஆடு மேச்சுக்கிட்டிருக்கறோம். ஒரு பெரிய காலேஜ் வாத்தியார், கண்ணாடி போட்டுக்கிட்டு, பேண்டு முட்டியெல்லாம் மண்ணாத் தவழ்ந்துக்கிட்டு வர்றார். சாவியைத் தொலைச்சுட்டார் போலன்னு நானும் கூடத் தேடினேன். பாத்தா இந்த நீலப் பூவைப் பாத்துக்கிட்டிருக்கறார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், தரையோட தரையாக் கெடக்கும். "இதுக்கு உங்கூர்ல என்ன பேரு?"ன்னார். பேரெல்லாம் இல்லீங்கன்னேன். ஆடு கடிச்சுட்டுப் போகும், மறுநா வெடியால இன்னொண்ணு பூத்துக்கிட்டிருக்கும், அதுக்கெல்லாம் யாருங்க பேரு வைப்பாங்க. அவருதான் விஷ்ணுகிராந்தின்னு சொன்னார். இத்தனை அடர்த்தியா வேறெங்கயும் பாத்ததில்லைன்னு சொல்லீட்டு அப்படியே உக்காந்துட்டார்.

அப்ப பாவாத்தா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதுங்களா. "சாரு, அது பட்டி போட்ட எடமுங்க. போன வருசம் எங்க பட்டி கெடந்துச்சோ அங்கதான் இந்த வருசம் கொத்தாப் பூக்கும்"ன்னா. பட்டின்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? படலைச் சுத்தி நிறுத்தி ஆட்டை அடைக்கறது. ரண்டு நாளைக்கு ஒருக்கா எடம் மாத்திக்கிட்டே போவோம், நெலத்துக்குப் புழுக்கை சேருமுன்னு. "ஆடு புல்லைக் கடிச்சாத்தானுங்க சாரு இதுக்கு வெயில் படும்"னு அவ இன்னும் என்னமோ சொல்ல வந்தா. பெரிய மனுசன் வந்திருக்கறார், அவர்கிட்டப் போயி புழுக்கைக் கதை பேசிக்கிட்டிருக்கறாளேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. "நீ போயி ஆட்டைத் திருப்பு"ன்னேன். போயிட்டா. சொன்னாக் கேக்கற பொம்பளைங்க அவ. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

அந்த வாத்தியார்தான் எங்களைக் கமிட்டிக்கு வரச் சொன்னார். பூவைக் காட்டோணும், உள்ளூர் ஆளு ஒருத்தர் வந்து சொல்லோணும்னு. பாவாத்தா ஒரு மண்சட்டியில வேரோட, மண்ணோட அந்தச் செடியைப் பேத்து வச்சா. வெடியால பஸ்சுல மடியில வச்சுக்கிட்டே வந்தா, ஒரு பூவு உதிரலை. கலெக்டர் ஆபீசுல எனக்கு ஒரு சேர் போட்டாங்க. ஒரு சேர்தான் போட்டாங்க. அவ சட்டியை உள்ள குடுத்துட்டு கதவோரமா நின்னுக்கிட்டா. கதவு தொறந்துதான் இருந்துச்சு, எல்லாம் கேக்கும்.

அம்மிணி, அது வரைக்கும் நான் ஒரு ஆபீசுலயும் உக்காந்ததில்லீங்க. நிக்கறதுதான் பழக்கம். எனக்கு முன்னால டீ வந்துச்சு, கப்புக்கு அடியில தட்டம். ரண்டு பிஸ்கோத்து. நான் பிஸ்கோத்தை எப்பத் திங்கறதுன்னு தெரியாமப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அங்க ஒரே சண்டைங்க. ஒருத்தர் ஆவாரம்பூதான் வைக்கோணும்கறார். அது ஊருக்கு ஊரு இருக்குது, நமக்குன்னு என்ன பெருமைன்னு இன்னொருத்தர். ஒரு ஆளு எருக்கம்பூன்னு எந்திரிச்சார். எருக்கு மொளைச்ச மாவட்டம்னு பக்கத்து மாவட்டத்துக்காரன் சிரிப்பான், உக்காருங்கன்னு நாலு பேரு சொன்னாங்க. தும்பையைச் சொன்னாங்க, அது தெவசத்துக்கு ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் ஒத்துக்கலை. கடைசியா எங்க வாத்தியார் எந்திரிச்சு மண்சட்டியைக் கொண்டுபோயி கலெக்டரம்மா மேசை மேல வச்சார். அந்தம்மா குனிஞ்சு பாத்துச்சு. "இத்தனை சின்னப் பூவா"ன்னு கேட்டுச்சு. அப்பறம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அந்த நீலம் அப்படிங்க. பாக்கப் பாக்கத்தான் தெரியும். முடிஞ்சுதுங்க, அங்கயே முடிவாயிருச்சு.

அப்பறம் எப்படிக் காப்பாத்தறதுன்னு பேச்சு வந்துச்சு. காட்டிலாகா அதிகாரி சொன்னார், பன்னண்டு ஏக்கராவைக் கம்பி வேலி போட்டுருவோம், உள்ளூர் ஆளு ஒருத்தரைக் காவலுக்குப் போட்டுக்கலாம்னார். கலெக்டரம்மா என்ற பக்கம் திரும்புச்சு. "ஐயா, நீங்க சொல்லுங்க. ஆடு மாடு வந்தா இந்தப் பூவுக்குக் கெடுதலா?"

ஐயான்னுச்சுங்க. என்னைய.

நான் ஆமாங்கன்னேன்.

ரொம்பக் கெடுதலான்னுச்சு. ரொம்பக் கெடுதலுங்க, வேரோட கடிச்சுப் போடுமுங்கன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. நான் ஒரு வார்த்தை சொல்றதை எட்டுப் பேரு எழுதினது என்ற ஆயுசுல அன்னைக்கு ஒரு நாள்தான்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நீங்க பாக்கறீங்க. தெரியுதுங்க. ஆபீசர் கேட்டா ஆமாங்கன்னுதானுங்க நாங்க சொல்லிப் பழக்கம். மழை பேஞ்சுதான்னு கேட்டாலும் ஆமாங்க, பேயலையான்னு கேட்டாலும் ஆமாங்க. எங்கப்பனும் அப்படித்தான். இல்லீங்கன்னு சொல்லோணும்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும், அது டீ குடிச்சுக்கிட்டே வர்றதில்லை. சரி, உங்ககிட்ட என்ன மறைக்கறது. காவலுக்கு உள்ளூர் ஆளுன்னு சொன்னாங்கல்ல, அதுவும் காதுல விழுந்துருச்சு. மாசமானாச் சம்பளம், காக்கிச் சட்டை. ஆட்டுக்குப் பின்னால வெயில்ல நடந்து நடந்து முட்டி தேஞ்சுபோச்சுங்க. உக்காந்து பொழைக்கலாம்னு ஆசை வந்துருச்சு. தப்புங்களா?

வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கறப்ப பாவாத்தா மண்சட்டியை அவங்களே வச்சுக்கிட்டாங்களான்னு மட்டும் கேட்டா. அவளுக்கும் சந்தோசம்தான், வெளிய காட்டிக்க மாட்டா.

விழா ஜோராப் பண்ணினாங்க. மேளம், பந்தலு, பேச்சு. மாவட்டப் பூவுக்கு விழாவுங்க, கலெக்டரம்மாவுக்குப் போட்டது செண்டுமல்லி மாலை. இந்தப் பூவைக் கட்ட முடியாதே, காம்பு நூலுக்கு நிக்காது. அடுத்த மாசமே கம்பி வேலி வந்துருச்சு. இதா இந்த கேட்டும் பூட்டும். சாவி என்ற கையில. ரேஞ்சர் சொன்னார், "காவலுக்கு இருக்கறவரே ஆடு வச்சிருந்தா நல்லாருக்காது மாரப்பா." ஆமாங்கன்னேன். அடுத்த சந்தைக்கே ஓட்டீட்டுப் போயிட்டேன். இருவத்தி ரண்டு உருப்படி. அவ பொறந்த ஊட்டுல இருந்து கல்யாணத்துக்கு ரண்டு குட்டி ஓட்டியாந்தா, அதுல இருந்து பெருகுன வகையறா. அவகிட்டக் கேட்டீங்களான்னு கேக்கறீங்களா? படலைத் தொறந்து உட்டதே அவதானுங்க. வேண்டாம்னு இருந்தா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா?

மொத வருசம் பூவு நல்லா இருந்துச்சு. எண்ணி மாளாது. கணக்கு எழுதச் சொன்னாங்க, குத்துமதிப்பா எழுதிக் குடுத்தேன். சந்தோசப்பட்டாங்க. அந்த வருசம்தான் அது நடந்துச்சு.

என்ற மச்சினன் சென்னியப்பன், பாவாத்தாளுக்குத் தம்பி, அவன் காடு நம்ம வேலிக்குக் கெழக்கால ஒட்டினாப்பல இருக்குது. பாருங்க, அதா அந்தக் கிளுவை வேலி தெரியுதே. ஐப்பசி மழையில இங்க ஒரு கம்பம் சாஞ்சு சந்து உழுந்துருச்சு. ஒரு நா வெடியால வந்து பாக்கறேன், அவன் ஆடு பதினொண்ணு உள்ள நிக்குது. முன்னால யாரு தெரியுமுங்களா, சுட்டிச்சி. நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்கும். எங்க பட்டியில பொறந்தவதான். நான் சந்தையில வித்தேனே, அதுல இவளை மட்டும் மச்சினன் யாருக்கும் தெரியாம வாங்கி ஓட்டியாந்துட்டான், அக்காளுக்காக. சுட்டிச்சி பழைய தடத்தை மறக்காம, மத்ததையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா. என்னையப் பாத்ததும் கத்திக்கிட்டுப் பக்கத்துல வர்றா, நான் என்னமோ இன்னும் அவளுக்குத்தான் தண்ணி காட்டப் போறேன்னு.

நான் என்னங்க பண்ணட்டும். காக்கிச் சட்டை போட்டு மூணு மாசம் ஆகலை. ஊரே பாத்துக்கிட்டிருக்குது, மச்சினன் ஆட்டை உட்டுருவானா புடிப்பானான்னு. பதினொண்ணையும் தொண்டுப்பட்டிக்கு ஓட்டீட்டேன். பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால இருக்கும், அத்துமீறி மேஞ்சதுகளை அடைக்கற எடம். சனி, ஞாயிறு, திங்கக்கெழமை சர்க்கார் லீவு. கட்ட வேண்டியதைக் கட்டி ஓட்டீட்டுப் போகலாம்னா ரசீது போட ஆளு இல்லை. சுட்டிச்சி நெற மாசம். செவ்வாக்கெழமை போயித் தொறந்தாங்க, அவ எந்திரிக்கலை. குட்டியும் உள்ளயே போச்சு.

ஒரு ஆடுதானுங்க. ஆடுன்னா சாகறதுதான். நோவு வந்து ஒரே நாள்ல எட்டுச் செத்த வருசமெல்லாம் நான் பாத்திருக்கறேன்.

பாவாத்தா அன்னைக்கு அவ துணியை ஒரு பையில போட்டுக்கிட்டுத் தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லீங்க. அவன் ஆட்டைப் பாத்துக்கறதுக்கு ஆள் இல்லையாம். நல்லதுதான, கூடப் பொறந்தவனுக்கு ஒத்தாசை. கோவமுன்னு ஊர்ல பேசறவன் பேசட்டும். கோவமா இருக்கறவ சோறு ஆக்கி அனுப்புவாளுங்களா? தெனமும் அதா அந்த மூலைக் கம்பத்துல தூக்குப்போசியில சோறு மாட்டீட்டுப் போறா. ரண்டு வருசமா ஒரு நா தப்பினதில்லை. உப்பு மட்டும் முன்னைக்கு இப்பக் கொறைச்சல்.

சரி, பூவுக்கு வர்றேன். ரண்டாம் வருசம் புல்லு முட்டிக்கு வந்துருச்சு. பூவு அங்கொண்ணு இங்கொண்ணு. ஆபீசுல எத்தனைன்னு கேட்டாங்க. போன வருசம் எழுதினதையே எழுதிக் குடுத்தேன். பாவாத்தா அந்த வாத்தியார்கிட்டச் சொல்ல வந்தாளே, அது அப்பத்தான் வந்து மண்டையில உக்காந்துச்சு. ஆடு கடிக்காமப் புல்லு ஒசரமாச்சு, புல்லு ஒசந்தா இதுக்கு வெயில் இல்லை. செடி வெளுத்துப் போயி சாகுது.

ரேஞ்சர்கிட்ட மெதுவாச் சொன்னேன். "சார், புல்லு ரொம்ப ஒசந்துருச்சுங்க." "பச்சுனு இருக்குதில்ல, நல்லதுதான மாரப்பா"ன்னார். "இல்லீங்க சார், ஆடு சித்த மேஞ்சுட்டுப் போனா..."ன்னு இழுத்தேன். அவர் பீரோவைத் தொறந்து ஒரு பைலை எடுத்துக் காட்டினார். டைப் அடிச்சிருக்குது. 'உள்ளூர் ஆடு மேய்ப்பவர் திரு. மாரப்பன் அவர்கள் கூற்றுப்படி கால்நடை மேய்ச்சல் இப்பூவிற்குப் பெரும் தீங்கு.' திரு போட்டிருந்தாங்க அம்மிணி. அவர்கள் வேற. அதைப் படிக்கறப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க, பொய் சொல்லலை. ரேஞ்சர் பைலை மூடினார். "இதை வச்சுத்தான் வேலி போட்டது, இதை வச்சுத்தான் உங்களை வேலைக்குப் போட்டது. இப்ப நீங்களே மாத்திச் சொன்னா அன்னைக்குச் சொன்னது பொய்யாயிருமில்ல?"ன்னார். ஆமாங்கன்னேன்.

அருவாளை எடுத்து நானே ஒரு மூலையில அறுத்துப் பாத்தேன். ஆடு கடிக்கற மாதிரி மனுசன் அறுக்க முடியுமாங்க. அதுக்குள்ள போட்டோவுல பாத்துட்டு ஆபீசுல இருந்து போன். புல்லை யாரு அறுத்ததுன்னு. ஆமாங்க, போட்டோ. அதைச் சொல்ல மறந்துட்டேன். தெனம் நாலு வாட்டி, ஏழு மணி, பத்து மணி, ஒரு மணி, அஞ்சு மணி. உள்ள நட்டிருக்கற இந்தப் பூவுப் படம் போட்ட போர்டு தெரியற மாதிரி என்ற மூஞ்சியைப் போட்டோ புடிச்சு அனுப்போணும். எடமும் நேரமும் அதுலயே விழுந்துரும். ஒண்ணு தப்புனாலும் அரை நாள் சம்பளம் இல்லை. சென்னியப்பன் மகளுக்குக் கல்யாணம், இங்கிருந்து கூப்புடு தூரம். ஏழு மணிப் போட்டோவுக்கும் பத்து மணிப் போட்டோவுக்கும் நடுவுல போயிட்டு வந்தேன். முகூர்த்தம் சரியாப் பத்து மணிக்கு. பொண்ணுக்கு அத்தை பாவாத்தா, நான் மாமன் மொறை, சபையில அவ பக்கத்துல என்ற எடத்துல யாரோ நின்னாங்களாம்.

இந்த போனைப் பாருங்க. தள்ளிக்கிட்டே போங்க. இது மொத வருசம், போர்டு முழுசாத் தெரியுது, கால் தெரியுது. இது ரண்டாம் வருசம், முட்டி வரைக்கும் புல்லு. இது போன மாசம். மூஞ்சியும் போர்டுல இருக்கற பூவும்தான் தெரியுது. அன்னைக்கு இதையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாத் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குப் பயமாப் போச்சுங்க. பூவு இல்லைன்னு சொன்னா வேலை போச்சு, ஆடும் இல்லை, இந்தக் காட்டுல ஆடு மேய்க்கவும் முடியாது, நானே பூட்டிட்டேன். பூவு இருக்குதுன்னு சொன்னா சாகற வரைக்கும் இந்தப் புல்லுக்குள்ள நின்னு இல்லாததைக் காத்துக்கிட்டிருக்கோணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி.

அதா. மணிச் சத்தம் கேக்குதுங்களா? வர்றா. பாவாத்தா ஒம்போதரைக்கு டாண்ணு வருவா. வேலிக்கும் அவங்க கிளுவைக்கும் நடுவுல ஒரு தடம் இருக்குதுல்ல, அதுல ஓட்டீட்டுப் போவா. நீங்க கேட்டுகிட்ட வந்து அந்தத் தடத்தைப் பாருங்க. கீழ பாருங்க அம்மிணி, ஆட்டுக் காலுக்கு நடுவுல.

பாத்தீங்களா.

எத்தனை நீலம். கம்பிக்கு அக்கட்டால அத்தனையும், இக்கட்டால ஒண்ணு இல்லை. நீங்க உள்ள குச்சி நட்டுத் தேடறப்பவே எனக்குச் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அது காட்டிலாகா எல்லைக்கு வெளிய, உங்க காயிதத்துல அந்த எடத்துக்குக் கட்டமே இல்லை, எனக்குத் தெரியும்.

இருங்க. இன்னைக்கு ஒண்ணு பண்றேன். நீங்க சாட்சிக்கு இருக்கறீங்க. இதா பூட்டைத் தொறந்துட்டேன், கேட்டையும் நல்லாத் தொறந்து உட்டுட்டேன். ரண்டு வருசத்துல இப்பத்தான் இது முழுசாத் தொறக்குது. பாவாத்தா, நில்லு. ஆட்டை உள்ள ஓட்டு. ஆமா, உள்ளதான். யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். ஒரு பத்து நா மேயட்டும், பட்டியை இங்கயே போடு. உனக்குத்தான் தெரியுமே. ஓட்டு ஆட்டை.

கேட்டீங்களா அம்மிணி, என்ன சொல்றான்னு? "வேண்டாமுங்க. ஆடு வந்தாப் பூவுக்குக் கெடுதல்னு பெரிய ஆபீசுல சேர்ல உக்காந்து சொன்னீங்க. சர்க்கார் எழுதி வச்சிருக்குது. நான் எதுக்குங்க கெடுதல் பண்ணோணும்"கறா. கோவமாக் கூடச் சொல்லலை பாருங்க. எட்டிக்கூட உள்ள பாக்கலை. ஆடெல்லாம் கேட்டுக்கு முன்னால நின்னு மோந்து பாத்துச்சுக, அவ ஒரு சத்தம் குடுத்தா, திரும்பீருச்சுக.

பாவாத்தா. இல்லை, ஒண்ணுமில்லை. சோத்துல உப்பு கம்மியா இருக்குது, அதைச் சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்.

சரீங்கன்னுட்டுப் போறா.

நான் அதைச் சொல்றதுக்குக் கூப்புடலீங்க. வேற ஒண்ணு சொல்ல வந்தேன். ரண்டு வருசமா தெனமும் ஒம்போதரைக்கு வேற ஒண்ணுதான் சொல்ல வர்றேன், வாயில உப்புதான் வருது. சுட்டிச்சின்னு அவ பேரைச் சொன்னாப் போதும், மத்தது பாவாத்தாளுக்குப் புரியும். அந்த ஒரு பேரை என்னால இந்தக் கம்பிக்கு அக்கட்டால அனுப்ப முடியலை.

நீங்க எழுதுங்க அம்மிணி. பேனாவைத் தொறங்க. பூச்சியம்தான் எழுதறீங்க, தெரியுது. எழுதுங்க, பொய் நான் எழுதினது போதும். கீழ காரணமுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா? அதுல காவலாளின்னு போட்டுருங்க. ஆடுன்னு மட்டும் போட்டுராதீங்க.

மணி என்னங்க, பத்தா? போட்டோ. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நானா புடிச்சா இப்பெல்லாம் புல்லுதான் விழுகுது, போர்டு விழுகறதில்லை. நீங்க கம்பிக்கு அக்கட்டால போயி நின்னு எடுங்க, இந்தாங்க போன். இருங்க இருங்க, உள்ள நின்னு கேட்டைச் சாத்திப் பூட்டிக்கறேன். தொறந்து கெடந்தா ஆடு கீடு உள்ள வந்துருமுங்க.

ம், எடுங்க. போர்டுல பூவு தெரியுதுங்களா? மூஞ்சி? கம்பி குறுக்கால விழுதா?

பரவாயில்லீங்க. அனுப்பீருங்க.